மைனியின் கழுத்து

நாத்தனாரின் கழுத்தை நெரிக்க வேண்டும் என்று ஒரு தடவைகூட நினைக்காத மருமகள் தூத்துக்குடியில் எங்கேயாவது இருந்தால் அவளுக்குக் கோயிலே கட்டலாம். நினைப்பவர்களுக்கு வீட்டுக்கு வீடு பஞ்சமில்லை. ஆனால் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஊரறிய, பக்கத்தில் நடுவரை வைத்துக்கொண்டு, கட்டிய புருஷன் தண்ணீர் பாட்டிலோடு நிற்க, மாமியார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க, சட்டப்படி செய்கிற பாக்கியம் சண்முகப்ரியாவுக்குத்தான் வாய்த்தது.

பாக்கியம் வாய்த்தால் மட்டும் போதுமா? கை ஒத்துழைக்க வேண்டாமா? அவளுடைய வலது கை ஆறு வருடமாக எதிராளியின் கட்சியில் இருந்தது. அதை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

நாத்தனார் பெயர் வேல்விழி. முப்பத்தாறு வயது. ப்ரியாவின் கணவன் லிங்கராஜுக்கு நேர் மூத்த அக்கா. ப்ரியா அவளை மைனி என்று கூப்பிடுவாள். அந்தப் பக்கத்தில் கணவனின் அக்காவை அப்படித்தான் கூப்பிட வேண்டும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். வேல்விழியின் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் ஒன்பது மாதம் கடலில் இருப்பார், மிச்ச மூன்று மாதம் எப்போது கடலுக்குப் போவோம் என்று காத்திருப்பார். எனவே வேல்விழி பிறந்த வீட்டிலேயே இருந்துகொண்டு, துறைமுகத்துக்குப் போகிற சாலையில் அவர்கள் குடும்பம் வைத்திருந்த கயிறு, தார்ப்பாய்க் கடையை நடத்தினாள். லாரிக்காரர்களும் வள்ளக்காரர்களும் அவளிடம் பேரம் பேசுவதில்லை. பேசிப் பார்த்துவிட்டுத் திருந்தியவர்கள் அவர்கள்.

லிங்கராஜ் கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலைக்குப் போக, ப்ரியா கடையில் மைனிக்குத் துணையாக உட்கார்ந்தாள். துணை என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. ப்ரியா முப்பது மீட்டர் கயிறு அளந்து வெட்டினால், வேல்விழி வாடிக்கையாளர் முன்னாலேயே அதை வாங்கி மறுபடி அளப்பாள். ஒரு தடவையாவது குறைந்ததா? கிடையாது. கூடியதா? அதுவும் கிடையாது. “சரியாத்தான் இருக்கு” என்று ஏதோ ஏமாந்துபோனவள் குரலில் சொல்லிவிட்டுக் கொடுப்பாள். ஆறு வருடத்தில் வேல்விழி ஒரு விஷயத்திலாவது “நான் தப்பு” என்று சொன்னதாக யாரிடமும் ஆதாரம் இல்லை. ஓட்டப்பிடாரத்தில் பிறந்து நாலு பேரை எதிர்த்துப் பேசி வளர்ந்த ப்ரியாவுக்கு, இந்தக் கடையில் உட்கார்ந்த பிறகு வாயே மறந்துவிட்டது.

இதற்கெல்லாம் அஸ்திவாரம் கல்யாணமான மூன்றாம் நாள் போடப்பட்டது. வேல்விழி நடையில் காலை நீட்டி உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். புதுப்பெண் காப்பித் தட்டோடு வந்தாள். வேல்விழி காலை மாற்றிப் போட்டதில் அவள் பாதம் ப்ரியாவின் பாதத்தில் இடித்தது.

“தொட்டுக் கும்பிடு” என்றாள் வேல்விழி, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஒங்க காலுதான மைனி எம் மேல பட்டுச்சு?”

“ஆரு காலு பட்டா என்னளா? சின்னவதான கும்பிடணும்.”

ப்ரியா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, வலது கையால் மைனியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்று முதல் அதுவே அந்த வீட்டுச் சட்டம். வீட்டின் நடையோ குறுகல். வேல்விழியின் காலோ நீளம். ஒரு நாளைக்கு நாலு தடவை என்று வைத்தாலும் ஆறு வருடத்துக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் ப்ரியாவின் மூளைக்குச் செய்தி போவதற்கு முன்பே கை போய்த் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கும்.

இப்படி இருந்த குடும்பத்துக்குள் மல்யுத்தம் நுழைந்தது டாக்டரால். வேல்விழிக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, உடம்பைக் குறைக்க வேண்டும் என்று அவர் சொன்னார். பீச் ரோட்டில் ஒரு வாரம் நடந்து பார்த்தாள். நடந்து முடித்து வரும்போதெல்லாம் கையில் ஒரு பாக்கெட் மக்ரூன் இருந்தது. எட்டாம் நாள் எடை பார்த்தால் ஒரு கிலோ ஏறியிருந்தது. அதற்குப் பிறகுதான் பெர்சி மாஸ்டரின் போர்டு கண்ணில் பட்டது. “துணைக்கு வா” என்று ப்ரியாவையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனாள். ப்ரியாவுக்கு வர இஷ்டமா என்று கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

பெர்சி மணப்பாட்டுக்காரர். சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். கப்பல் முதலாளி நொடித்துப்போனதில் பிரேசிலில் ஒரு துறைமுகத்தில் கப்பலை எட்டு மாதம் கட்டிப்போட்டுவிட்டார்கள். மற்றவர்கள் அந்த எட்டு மாதமும் அழுதார்கள், குடித்தார்கள், வீட்டுக்குப் போன் போட்டார்கள். பெர்சி கரையில் ஒரு கொட்டகைக்குப் போய் ஜூஜிட்ஸு என்கிற மல்யுத்தத்தைக் கற்றுக்கொண்டார். பிறகு போன துறைமுகத்திலெல்லாம் அதையே தேடிப் போய், இடுப்பில் ஊதா பெல்ட்டோடு ஊர் திரும்பி, ஒரு பழைய உப்புக் கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்து மெத்தை விரித்தார். உப்பு மூட்டைகள் போய்ப் பல வருடம் ஆகியும் சுவரில் சாய்ந்தால் சட்டை வெள்ளையாகப் பூத்துவிடும். கீழே விழுந்து எழுந்தால் உதட்டில் உப்புக் கரிக்கும்.

முதல் நாள் கொடுத்த தடித்த வெள்ளைச் சட்டையை வேல்விழி தடவிப் பார்த்தாள். “இது என்ன மாஸ்டர், கேன்வாஸா? இதவிட நல்ல சரக்கு நம்ம கடையில இருக்கு” என்றாள். பெர்சி இரண்டு பேரையும் தராசில் ஏற்றினார். அறுபத்து மூன்று, அறுபத்து இரண்டு. “அருமை. நீங்க ரெண்டு பேருமே ஜோடி” என்றார் அந்தப் பாவி மனுஷன், எந்த நெருப்பில் எதை ஊற்றுகிறோம் என்று தெரியாமல்.

ப்ரியாவுக்கு இதில் ஒரு வித்தை இயல்பாக வந்தது. எதிராளியைக் கீழே தள்ளி, நெஞ்சின் மேல் ஏறி, இரண்டு முழங்காலையும் அக்குளுக்கு அடியில் கொடுத்து உட்கார்வது. மவுண்ட் என்பார்கள். அவள் ஒரு தடவை உட்கார்ந்தாள் என்றால் துள்ளினாலும் புரண்டாலும் இறக்க முடியாது. நாள் முழுக்கக் கடையில் எழுந்திருக்காமல் உட்கார்ந்து பழகிய உடம்பு அது.

உட்கார்ந்த பிறகு முடிக்க வேண்டுமே. அங்கிருந்து முடிப்பதற்குப் பெர்சி சொல்லிக்கொடுத்தது காலர் சோக், அதாவது சட்டைக் காலராலேயே கழுத்தை இறுக்குவது. “சோக்குன்னா தொண்டைய அமுக்குறது இல்லம்மா. தொண்டைய அமுக்குனா இருமுவா, திமிறுவா, கடைசியில தப்பிச்சிருவா. கழுத்துல ரெண்டு பக்கமும் ரத்தம் மேல ஏறுது பாரு, அத நிறுத்தணும். மொதக் கைய காலருக்குள்ள ஆழமா வுடு, பின்கழுத்துல துணி லேபிள் தட்டுப்படுத வரைக்கும். ரெண்டாவது கையால அந்தப் பக்கத்துக் காலரப் புடி. தலையத் தரைக்குக் கொண்டுபோ, முட்டிய இழு. ஆறு எண்ணுறதுக்குள்ள கண்ணுக்குள்ள லைட் அணையும். அதுக்கு முன்னால அவளே தட்டிருவா. தட்டுனா வுட்டுறணும், அது மட்டும் மறக்கப்படாது.”

தட்டுவது என்றால் தோல்வியை ஒப்புக்கொள்வது. எதிராளியின் உடம்பிலோ தரையிலோ கையால் தட்டினால் போதும், சண்டை முடிந்தது. இதைக் கேட்டதுமே ப்ரியாவுக்கு மனசுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. வேல்விழி தன் கையாலேயே, வாயைத் திறக்காமல், “நான் தோத்துட்டேன்” என்று ஒப்புக்கொள்ள ஒரு வழி இந்த உலகத்தில் இருக்கிறது!

அந்த ஆசை ஒரு வருடமாக நிறைவேறவில்லை. ப்ரியா மேலே ஏறுவாள். இடது கையைக் காலருக்குள் ஆழமாக விடுவாள். வலது கையை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோவாள். அந்த நேரம் பார்த்து வேல்விழியின் பாதம் வந்து அவள் பாதத்தின் மேல் ஏறும். உடனே ப்ரியாவின் வலது கை காலரை மறந்து, சண்டையை மறந்து, ஜென்மத்தையே மறந்து, மைனியைத் தொட்டுக் கண்ணுக்குப் புறப்படும். பாதி வழியில் வேல்விழி அந்தக் கையைக் கக்கத்தில் வாங்கி இறுக்கி, இடுப்பைத் தூக்கி ஒரு புரட்டு. ப்ரியா மல்லாந்து கிட்டங்கிக் கூரையைப் பார்ப்பாள்.

ஆரம்பத்தில் வகுப்பில் எல்லாருக்கும் இந்த வியாதி இருந்தது. கிரேசியும் ஜெஸ்மியும் கட்டிப் புரளும்போது கால் பட்டுவிட்டால், இரண்டு பேரும் சண்டையை நிறுத்தி, ஒருத்தியை ஒருத்தி தொட்டுக் கும்பிட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து நெரிப்பார்கள். பெர்சி தலையில் அடித்துக்கொண்டார். “எம்மா, இது போட்டிம்மா, கோயில் இல்ல. காலு படும். பட்டுட்டுப் போவட்டும்.” ஒரு மாதத்தில் எல்லாரும் தேறிவிட்டார்கள். ப்ரியா தேறவில்லை. வேல்விழிக்கு அந்த வியாதி ஆரம்பத்திலிருந்தே கிடையாது. அவள் கால் யார் மேல் பட்டாலும் பட்டவர்கள்தானே ஒதுங்க வேண்டும்.

அது தற்செயலாகப் படுகிறது என்றுதான் ப்ரியா நினைத்திருந்தாள். மாநிலப் போட்டிக்கு மாவட்டத்தில் ஆள் எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்த அன்று உண்மை தெரிந்தது. போட்டி சென்னையில். அறுபத்து நாலு கிலோ பெண்கள் பிரிவில் மாவட்டத்துக்கு ஒரே ஒருத்திதான் போகலாம். மாவட்டம் முழுக்கச் சலித்தும் அந்தப் பிரிவில் இரண்டு பேர்தான் பெயர் கொடுத்திருந்தார்கள். இருவருக்கும் ரேஷன் கார்டு ஒன்று.

வகுப்பு முடிந்து ஸ்கூட்டரில் திரும்பும்போது வேல்விழி ரொம்ப சந்தோஷமாக இருந்தாள். “நாந்தான் சென்னைக்குப் போவேன், பாத்துக்கோ” என்றாள்.

“நானும்தான் நல்லா ஏறி உக்காருதேன், மைனி.”

“உக்காருவ. அதுக்கப்புறம்? ஒனக்கு இன்னுமா தெரியல? நான் காலத் தூக்கி ஒங் காலுமேல வச்சேன்னா ஒங் கையி தன்னால வந்துரும்ளா. நாயக் கூப்பிட்டா வருதுல்லா, அந்த மாதிரி.” சொல்லிவிட்டு வேல்விழி குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் ஸ்கூட்டரே ஆடியது.

பின்னால் உட்கார்ந்திருந்த ப்ரியாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. ஒரு வருடமாக மைனி இதைத் தெரிந்தே செய்திருக்கிறாள். தான் கொடுத்த மரியாதையைப் பிடித்தே தன்னைக் கவிழ்த்திருக்கிறாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சென்னைக்குப் போகிறேனோ இல்லையோ, இவள் தட்ட வேண்டும் என்று முடிவு செய்தாள். வேறு எதுவும் வேண்டாம், ஒரே ஒரு தடவை தட்ட வேண்டும்.

மறுநாள் சாயங்காலமே பயிற்சி ஆரம்பமானது. படுக்கையறையில் ஒரு அரிசி மூட்டைக்கு வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டு அதன் மேல் ப்ரியா ஏறி உட்கார்ந்தாள். லிங்கராஜின் வேலை பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டு, அவள் காலரைப் பிடிக்கிற நேரத்தில் தன் பாதத்தை அவள் பாதத்தின் மேல் வைப்பது. எட்டு மணி நேரம் கன்டெய்னர் எண்ணிவிட்டு வந்த மனுஷனுக்கு இது தேவையா என்று கேட்கலாம். அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டியவனுக்கு எது தேவை என்று யார் கேட்கிறார்கள்?

முதல் நாள் நாற்பது தடவை கால் வைத்தான். நாற்பது தடவையும் கை போனது. நாற்பத்தொன்றாவது தடவை ப்ரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“எப்பமும் வலது கைதான போவுது?” என்றான் லிங்கராஜ் கொட்டாவி விட்டுக்கொண்டே. “இடது கை சும்மாதான இருக்கு?”

“இடது கையால ஆராவது தொட்டுக் கும்பிடுவாங்களா?” என்று சீறியவள், பாதியில் நிறுத்திவிட்டாள். ஒரு வருடமாக இடது கையை முதலில் பூட்டிவிட்டு, ஊர் சுற்றுகிற வலது கையை வெளியே விட்டு வைத்திருந்தது அப்போதுதான் உறைத்தது. வலது கையை முதலில் காலருக்குள் தள்ளி லேபிள் வரைக்கும் இறக்கிவிட்டால்? துணியோடு சேர்த்து முஷ்டியை மடக்கிவிட்டால்? இடது கைக்குக் கும்பிடத் தெரியாது. அது தைரியமாக வெளியே வேலை பார்க்கலாம்.

செய்து பார்த்தாள். கால் பட்டது. வலது கை வெளியே வரத் துடித்தது. முஷ்டி துணியில் சிக்கி நின்றுகொண்டது. தோள் மட்டும் ஒரு வெட்டு வெட்டியது.

“கை வரல. ஆனா ஆளே ஆடுத” என்றான் லிங்கராஜ்.

“ஆடுனா ஆடிட்டுப் போவுது. கையி உள்ள இருக்குல்லா?”

அரிசி மூட்டைக்குக் கழுத்து இல்லை என்பதால் பத்தாம் நாள் லிங்கராஜ் சட்டையைப் போட்டுக்கொண்டு தானே கீழே படுத்தான். ப்ரியா நெஞ்சில் ஏறி உட்கார்ந்து காலரைப் பிடித்து முகத்தருகே குனிந்த நேரத்தில், துவைத்த துணியை வைக்க மாமியார் பேச்சித்தாய் உள்ளே வந்தாள். இரண்டு பேரையும் பார்த்தாள். துணியை வாசலிலேயே வைத்தாள்.

“வெளக்குக்கூட வைக்கலயே. கதவச் சாத்தவாவது செய்யுங்களேம்ல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். விளக்கம் சொல்லப் போனால் இன்னும் அசிங்கமாகிவிடும் என்று லிங்கராஜ் எழுந்து கதவைச் சாத்திவிட்டு மறுபடி படுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கிட்டங்கி வாசலில் செருப்புக் குவியல். கடைக்கு வாடிக்கையாக வருகிற லாரிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். வேல்விழி அக்கா யாரிடமாவது அடி வாங்குவதைப் பார்க்க அவர்கள் வெகுநாளாகக் காத்திருந்தவர்கள், ஆனால் கைதட்டியது என்னவோ வேல்விழி அக்காவுக்குத்தான். கயிறு வாங்க அங்கேதானே வர வேண்டும். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த நடுவர் இருவரையும் கூப்பிட்டு விதிகளைச் சொன்னார். ஐந்து நிமிடம். தட்ட வைத்தால் அப்போதே வெற்றி. இல்லாவிட்டால் புள்ளிக் கணக்கு.

கை குலுக்கியதுமே வேல்விழி சட்டையைப் பிடித்து ஒரு இழு இழுத்து, காலை வாரி ப்ரியாவைக் கீழே போட்டாள். தார்ப்பாய்ச் சுருளைத் தூக்கிப் போட்டுப் பழகியவளுக்கு அறுபத்திரண்டு கிலோ ஒரு சுமையா? இரண்டு புள்ளி. ஆனால் விழுந்த வேகத்திலேயே ப்ரியா காலால் பின்னி, ஒரு நிமிடத்துக்கு மேல் போராடி, உருண்டு எப்படியோ மேலே வந்துவிட்டாள். அப்புறம் முழங்காலை ஒவ்வொன்றாக நகர்த்தி, மைனியின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தாள். புரட்டி மேலே வந்ததற்கு இரண்டு, ஏறி உட்கார்ந்ததற்கு நாலு. ஆறுக்கு இரண்டு. இன்னும் ஒன்றரை நிமிடம் பாக்கி.

“ப்ரியா, அப்படியே உக்காந்துக்கோ! ஒண்ணும் செய்யாத! உக்காந்தே ஜெயிச்சிருவ!” என்று கத்தினார் பெர்சி.

அவர் சொன்னது சரி. சும்மா உட்கார்ந்திருந்தாலே சென்னைக்கு டிக்கெட் கையில். எதையாவது செய்யப்போய் மைனி புரட்டிவிட்டால் எல்லாம் போச்சு. ப்ரியா கீழே பார்த்தாள். வேல்விழி இரண்டு கையாலும் கழுத்தைக் காத்துக்கொண்டு, மூச்சு வாங்க, அந்த நிலையிலும் லேசாகச் சிரித்தாள்.

“உக்காரத்தான் ஒனக்குத் தெரியும்” என்றாள், இருவருக்கு மட்டும் கேட்கும்படி.

அதற்குப் பிறகு எவள் சும்மா உட்கார்ந்திருப்பாள்?

ப்ரியா இடது கையால் காலரை விரித்து, வலது கையை உள்ளே விட்டாள். வேல்விழியின் புருவம் உயர்ந்தது, எப்போதும் இடதுதானே முதலில் வரும்? கை இறங்கியது. வியர்வையில் நனைந்த துணி விரலை எரித்தது. பின்கழுத்தில் லேபிள் தட்டுப்பட்டது. முஷ்டியை மடக்கினாள். இடது கை அடுத்த பக்கத்துக்குப் போனது. அங்கே வேல்விழியின் இரண்டு கையும் காவல் நின்றன. இழுத்தாள், பிடுங்கினாள், இடம் கிடைக்கவில்லை. நாற்பது விநாடி என்று யாரோ கத்தினார்கள்.

வேல்விழி தன் பழைய வேலையைச் செய்தாள். பாதத்தைத் தூக்கி ப்ரியாவின் பாதத்தின் மேல் வைத்தாள். வரப்போகிற கையைப் பிடிக்க, கழுத்திலிருந்து இரண்டு கையையும் எடுத்துத் தயாராக நீட்டினாள்.

கை வரவில்லை. வர வேண்டும் என்று ஆறு வருடப் பழக்கம் அதை வெட்டி இழுத்தது, முஷ்டி காலரில் மாட்டியிருந்ததால் காலர்தான் இறுகியது. காவல் இல்லாத பக்கத்தில் இடது கை சுலபமாகப் போய்ப் பிடித்துக்கொண்டது. ஆனால் பழக்கம் அதோடு விடுகிறதா? கையைக் கண்ணில் ஒற்றியாக வேண்டுமே. கைதான் மேலே வரமுடியாமல் கிடக்கிறது, ஆகவே தலை கீழே போனது. ப்ரியா யோசித்துச் செய்ததில்லை. கண் தன்னால் கையைத் தேடிக் குனிந்தது, நெற்றி மைனியின் காதுக்குப் பக்கத்தில் மெத்தையில் போய் ஊன்றியது, முட்டிகள் இரண்டும் தன்னால் பின்னுக்கு இழுபட்டன. ஒரு வருடமாகப் பெர்சி தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்தும் வராத சோக், தொட்டுக் கும்பிடப் போனதில் முழுசாக வந்து நின்றது.

வேல்விழி இடுப்பைத் தூக்கிப் புரட்டப் பார்த்தாள். நெற்றி ஊன்றியிருந்ததால் ப்ரியா அசையவில்லை. ஒன்று. இரண்டு. கீழே உடம்பு விறைத்தது. மூன்று. நாலு.

தட்டு விழுந்தது. ப்ரியாவின் விலாவில், நடுவர் நின்றதற்கு மறுபக்கத்தில், இருவர் உடம்புக்கும் இடையில் ஒரு தட்டு. தொடர்ந்து இன்னொன்று. தெளிவான, சந்தேகத்துக்கு இடமில்லாத இரண்டு தட்டு. ப்ரியா விட்டிருக்க வேண்டும். அவளுக்குத் தெரியும். விடவில்லை. இந்தத் தட்டுக்காக எவ்வளவு காத்திருந்தோம், இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று ஒரு விநாடி, அறிந்தே, ஆசையாக, இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்த ஒரு விநாடி தேனாக இனித்தது என்பதை மறைப்பதற்கில்லை. பிறகுதான் கையை எடுத்தாள்.

வேல்விழி புரண்டு படுத்து இருமினாள். நடுவர் ஓடிவந்தார். “என்னம்மா, விட்டுட்டே? அவங்க தட்டுனாங்களா? நான் பாக்கலயே” என்றார். பெர்சியும் பார்க்கவில்லை. லிங்கராஜ் பயத்தில் கண்ணை மூடியிருந்தான். இல்லை என்று வேல்விழி ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருவரையும் நிறுத்தி மறுபடி தொடங்கச் சொல்லிவிடுவார்கள். ஆறு வருடமாக எதையும் ஒப்புக்கொள்ளாதவள் இப்போதா ஒப்புக்கொள்ளப்போகிறாள்?

வேல்விழி எழுந்து உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டாள். கழுத்தின் இரண்டு பக்கமும் சிவந்திருந்தது.

“தட்டுனேன் சார்” என்றாள். பிறகு ப்ரியாவை நேராகப் பார்த்துக்கொண்டே, “ரெண்டு தட்டு” என்றாள்.

நடுவர் ப்ரியாவின் கையைத் தூக்கினார். லாரிக்காரர்கள் விசிலடித்தார்கள், வேல்விழி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். லிங்கராஜ் ஒரே தண்ணீர் பாட்டிலை யாரிடம் முதலில் நீட்டுவது என்று தெரியாமல் தானே குடித்துவிட்டான். பேச்சித்தாய்க்கு யார் ஜெயித்தது என்பதே பிடிபடவில்லை. “எம் மருமவளா? அப்பம் மத்தியானம் ஆரு சமைக்கா?” என்று பக்கத்தில் கேட்டாள்.

ப்ரியாவுக்குத்தான் சந்தோஷம் வாய்வரை வந்து நின்றுகொண்டது. மைனிக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஒரு விநாடி இந்த உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும், அதில் ஒருத்தி கழுத்து சிவக்க எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவள் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இவளோ, தட்டியவளை விடாமல் பிடித்திருந்தாள். ஜெயித்ததற்குக் கொடுத்த சான்றிதழைச் சுருட்டிக்கொண்டு வெளியே வரும்போது ப்ரியாவுக்கு நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாக இருந்தது.

லிங்கராஜ் அம்மாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய்விட்டான். வழக்கம்போல வேல்விழி ஸ்கூட்டரை எடுத்தாள், ப்ரியா பின்னால் ஏறினாள். உச்சி வெயில். உப்பு லாரி ஒன்று முன்னால் தண்ணீர் சொட்டச் சொட்டப் போய்க்கொண்டிருந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்திய வேல்விழி திரும்பாமலே பேசினாள். குரல் இன்னும் கரகரத்தது.

“ஒரு விநாடி கூட வச்சிருந்தேல்லா?”

ப்ரியாவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஆமா மைனி” என்றாள். அப்புறம், எதற்கு மிச்சம் வைக்க வேண்டும் என்று, “வேணும்னுதான் வச்சிருந்தேன்” என்றாள்.

ரயில் வந்தது. நிலக்கரி வண்டி, பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. வண்டியை விட்டு இறங்கி நடந்தே போய்விடலாமா என்று ப்ரியா யோசித்தாள். கடைசிப் பெட்டி போனதும் வேல்விழி தொண்டையைச் செருமினாள்.

“நானா இருந்தா மூணு விநாடி வச்சிருப்பேன்” என்றாள்.

ப்ரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் மைனியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முன்னால் இருந்த உடம்பும் குலுங்கியது. பின்னால் நின்ற வேன்காரன் ஹாரன் அடித்தான். கேட் திறந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

“சிரிக்காத. சென்னையில இந்தச் சோலியெல்லாம் வச்சுக்காத, கேட்டியா?” என்றாள் வேல்விழி வண்டியைக் கிளப்பிக்கொண்டே. “அங்கன வெளியாளுக தட்டுனா ஒடனே விட்டுரணும். கூட வச்சிருக்கதெல்லாம் வீட்டாளுகளுக்கு மட்டும்தான்.”